கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுத்தியல்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறி முடித்தால் ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் கேரளம். அங்கிருந்து பூப்பாறை, ஆனையிறங்கல் வழியாக மூணாறு வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை, பல ஆண்டு வேலைக்குப் பிறகு அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. பாதை அகலமானதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் பாதை அகலமானால் வேகமும் கூடும். பள்ளத்தாக்கு மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. மாலை நாலு மணிக்கு மேல் இறங்கும் மூடுபனியும் முன்போலவே இறங்குகிறது.

இந்தப் பாதையை நம்பிப் பிழைப்பவர்கள் நம்மவர்கள். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஏறி, பொழுது சாய இறங்கும் தொழிலாளர்கள். காய்கறியும் அரிசியும் கொண்டு செல்லும் வியாபாரிகள். மலைமேல் பெண் கொடுத்து, பெண் எடுத்து, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய் வரும் குடும்பங்கள். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையாறு வட்டாரத்திலும் இதே கதைதான். அங்கே மலைவளைவு குறைவு; பதிலுக்கு வாய்க்கால்களும் ரெயில்வே சுரங்கப் பாதைகளும் இருக்கின்றன. போடிக்கு 2023 ஜூன் மாதத்திலிருந்து மறுபடியும் ரெயில் வருகிறது. சென்னையிலிருந்து இரவு ரெயிலேறி, காலையில் போடியில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து மூணாறு போகும் குடும்பங்களையும் இப்போது பார்க்கிறோம்.

அந்தக் கார்களில் ஒரு சிறு சாமான் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம். கார் கண்ணாடியை உடைப்பதற்கும் சீட் பெல்ட்டை அறுப்பதற்குமான சின்னஞ்சிறு சுத்தியல் அது. ஸ்டாண்டில் நின்ற டிரைவர்களில் பலர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும், “இருக்குண்ணே, பின்னாடி டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில கெடக்கு” என்றார். எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தது. யாரோ பயணி அன்பளிப்பாகக் கொடுத்ததாம். காருக்குள் சிக்கிக்கொண்டவர் டிக்கிக்கு எப்படிப் போவார் என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு கார் வாங்கினால் கம்பெனிக்காரர் கூடவே ஜாக்கி கொடுக்கிறார். வீல் ஸ்பேனர் கொடுக்கிறார். மாற்றுச் சக்கரம் கொடுக்கிறார். சட்டப்படி முதலுதவிப் பெட்டியும், பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பின்னால் வைக்கும் முக்கோண எச்சரிக்கைப் பலகையும் கொடுக்கிறார். டயர் பஞ்சரானால் என்ன செய்வது என்பதற்கு இவ்வளவு ஏற்பாடு. கதவு திறக்காமல் உள்ளே மனிதன் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு ஒன்றும் இல்லை. அதை நாமேதான் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இது அவசியமா என்று கேட்பவர்களுக்கு, அண்மை ஆண்டுகளில் நடந்த சில சம்பவங்களை நினைவூட்ட விரும்புகிறோம்.

2023 பிப்ரவரி 2-ஆம் தேதி காலையில் கண்ணூரில் நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிறைமாதக் கர்ப்பிணியைப் பிரசவத்துக்காக அழைத்துச் சென்ற கார், மாவட்ட மருத்துவமனைக்கு மிக அருகில் தீப்பற்றியது. பின் இருக்கையில் இருந்த நால்வர் வெளியே வந்துவிட்டார்கள். முன் இருக்கையில் இருந்த கணவனும் மனைவியும் வர முடியவில்லை. முன்கதவுகள் திறக்கவில்லை. ஓடி வந்தவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். வெப்பத்தில் நெருங்க முடியாமல் பார்த்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. நடு நகரம், பட்டப்பகல், சுற்றிலும் மனிதர்கள், எதிரே ஆஸ்பத்திரி. அப்படியிருந்தும் இரண்டு உயிர்கள் போயின. கையில் சுத்தியல் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் முயன்று பார்க்க ஒரு வழியாவது இருந்திருக்கும்.

தீயைவிடத் தண்ணீரில்தான் இப்படிச் சிக்குவது அதிகமாகக் காதில் விழுகிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரெயில்வே சுரங்கப் பாதையில் மழைநீர் தேங்கி நின்றது. இரவில் அதில் இறங்கிய கார் மூழ்கி, அதில் இருந்த பெண் டாக்டர் ஒருவர் உயிரிழந்தார். 2023 மே 21-ஆம் தேதி பெங்களூர் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் ஒரு குடும்பம் சென்ற வாடகைக் கார் மாட்டிக்கொண்டது. 22 வயதுப் பெண் இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி நள்ளிரவில், எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில் வழி தவறிய கார் பெரியாற்றுக்குள் பாய்ந்து, இளம் டாக்டர்கள் இருவர் மாண்டனர், மூவர் பிழைத்தனர். 2024 செப்டம்பரில் குமரகம் அருகே கைப்புழமுட்டில் சுற்றுலா வந்த இருவர் காரோடு ஆற்றில் மூழ்கினர். அதே மாதம் டில்லியை அடுத்த பரீதாபாத்தில், மழைநீர் நிறைந்த ரெயில்வே சுரங்கப் பாதையில் கார் மூழ்கி வங்கி ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2025 மே 17-ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் அருகே மீரான்குளத்தில், கோயமுத்தூரிலிருந்து சென்ற ஆம்னி வேன் சாலையோரக் கிணற்றுக்குள் விழுந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் பலியானார்கள்.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போது, “கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருக்கக் கூடாதா?” என்று பலர் கேட்கிறார்கள். கேட்பது எளிது. ஒரு சிறு கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். மூன்றடி அகலமுள்ள கார்க் கதவின் வெளிப்புறத்தில், அடிப்பாகத்திலிருந்து இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, உள்ளே இன்னும் தண்ணீர் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கதவைத் தண்ணீர் சுமார் 170 கிலோ பாரத்துடன் அழுத்துகிறது. அதாவது மூன்று சிமெண்டு மூட்டைக்கு மேல். தண்ணீர் மூன்றடியானால் பாரம் சுமார் 380 கிலோ ஆகிவிடும். ஆழம் ஒன்றரை மடங்காகும்போது பாரம் இரண்டு மடங்குக்கு மேலாகிறது. எத்தனை பலசாலியாக இருந்தாலும் இருக்கையில் உட்கார்ந்தபடி தோளால் தள்ளி இதைத் திறக்க முடியாது. கண்ணாடிதான் வழி.

கண்ணாடியை இறக்கும் பொத்தான் இருக்கிறதே என்றால், அதுவும் மின்சாரத்தை நம்பி வேலை செய்வது. தண்ணீர் ஏறிய சிறிது நேரத்தில் அது நின்றுவிடலாம். மோதலில் பாட்டரி போனால் உடனே நின்றுவிடும். கதவின் சென்ட்ரல் லாக்கும் அப்படித்தான். மின்சாரம் போனாலும் கதவுப் பூட்டைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்று 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்கு விதி வந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் நம் மலைப்பாதையில் ஓடும் கார்களில் எத்தனையோ அதற்கு முந்தியவை. மோதி நசுங்கிய கதவுக்குப் பூட்டு திறந்திருந்தும் பயனில்லை.

சரி, கண்ணாடியைக் கையாலோ காலாலோ உடைத்துவிடலாமே? இங்கேதான் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். காரில் இரண்டு வகைக் கண்ணாடி இருக்கிறது. டிரைவருக்கு எதிரே உள்ள முன் கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டிச் செய்தது. இதற்கு லாமினேட்டட் கண்ணாடி என்று பெயர். கல் பட்டால் சிலந்தி வலைபோல விரியுமே தவிர, ஓட்டை விழாது. பயணி தூக்கி எறியப்படாமல் காக்கவே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே முன் கண்ணாடியை உடைத்து வெளியேற முயல்வது வீண். இருக்கிற நேரமும் போய்விடும்.

பக்கக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துப் பதப்படுத்தியது. இதன் மேல்பரப்பு இறுகி அழுந்தியும், உள்பகுதி இழுபட்டும் நிற்கும். அதனால் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு பலம். முஷ்டியால் குத்தினால் கைதான் உடையும். ஆனால் கடினமான கூர்முனை ஒன்று மேல்பரப்பில் ஒரே ஒரு புள்ளியைத் துளைத்துவிட்டால் போதும். முழுக் கண்ணாடியும் கல்கண்டுபோலப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்த ஒரு புள்ளியைத் துளைப்பதற்காகத்தான் இந்தச் சுத்தியலின் முனை ஊசிபோல இருக்கிறது. பலம் முக்கியமில்லை, முனைதான் முக்கியம். மெலிந்த பெண்ணாலும் பத்து வயதுப் பையனாலும்கூட முடியும்.

அடிக்க வேண்டிய இடம் கண்ணாடியின் நடுப்பகுதி அல்ல. நடுவில் கண்ணாடி சற்று வளைந்து கொடுக்கும். ஓரமாக, மூலையை ஒட்டி அடிக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்க வேண்டும். கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியானால் தூளான பிறகும் தாளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். காலால் வெளியே தள்ள வேண்டும். இருக்கையின் தலைத்திண்டைக் கழற்றி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அந்தக் கம்பி அதற்காகச் செய்யப்பட்டதல்ல, முனையும் மழுங்கலானது. அதை நம்பிச் சுத்தியல் வாங்காமல் இருப்பது புத்திசாலித்தனமாகாது.

எல்லாக் கருவியும் எல்லாக் கண்ணாடியையும் உடைக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-இல் கடைகளில் விற்கும் ஆறு கருவிகளை வாங்கிச் சோதித்துப் பார்த்தது. டெம்பர்டு கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. லாமினேட்டட் கண்ணாடியை ஆறில் ஒன்றுகூட உடைக்கவில்லை. சுத்தியல் வகையைவிட, கண்ணாடியில் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் விசையால் முனை பாயும் வகை நன்றாக வேலை செய்தது. தண்ணீருக்கடியில் கையை ஓங்கி வீச முடியாது என்பதால் இந்த வகை அங்கே இன்னும் வசதி. அண்மையில் வரும் சில விலை உயர்ந்த கார்களில் பக்கக் கண்ணாடியும் லாமினேட்டட் ஆகவே வருகிறது. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அது எந்த வகை என்று சிறு எழுத்தில் பொறித்திருப்பார்கள். வண்டிக்காரர்கள் இன்றே ஒரு முறை அதைப் படித்துப் பார்த்து, எந்தக் கண்ணாடியை உடைக்கலாம் என்று குறித்துக்கொள்வது நல்லது.

இந்தக் கருவியின் மறுமுனையில் ஒரு சிறு கத்தி மறைவாகப் பொருத்தப்பட்டிருக்கும். விரல் நுழையாது, சீட் பெல்ட் நாடா மட்டும் நுழையும். மலைப்பாதையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பள்ளத்தில் உருண்ட கார் தலைகீழாக நின்றால், பயணி பெல்ட்டில் தொங்குவார். அவருடைய முழுப் பாரமும் கொக்கியை இழுத்துக்கொண்டிருக்கும்போது பொத்தானை அழுத்தி விடுவிப்பது எளிதல்ல. இதைக் காரணமாகச் சொல்லி, “மலைப்பாதையில் பெல்ட் போடக் கூடாது, போட்டால் குதிக்க முடியாது” என்று உபதேசம் செய்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இது விபரீதமான உபதேசம். உருளும் காரிலிருந்து குதித்துத் தப்பலாம் என்பது சினிமாவில் நடப்பது. பெல்ட் போடாதவர் முதல் மோதலிலேயே நினைவிழப்பார்; நினைவிழந்தவருக்கு எந்தக் கருவியும் உதவாது. பெல்ட்டையும் போட வேண்டும், அதை அறுக்கும் கத்தியையும் வைத்திருக்க வேண்டும் என்பதே சரியான புத்தி. தலைகீழாகத் தொங்கும்போது அறுக்க நேர்ந்தால், முதலில் ஒரு கையைக் கூரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு பிறகு அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து முறியும்படி விழ நேரிடும்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிக்கி கூடாது என்பதைச் சொல்லிவிட்டோம். முன்னால் உள்ள சாமான் பெட்டியும் கூடாது. மோதலில் அது திறக்காமல் இறுகிவிடலாம். சும்மா இருக்கைப் பக்கத்தில் போட்டு வைத்தால் கார் புரளும்போது எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையிலேயே கை எட்டும் இடத்தில், அதற்குரிய பிடியில் மாட்டியோ கட்டியோ வைக்க வேண்டும். முன்னால் ஒன்று, பின் இருக்கைக்கு ஒன்று. அது அங்கே இருக்கிறது என்பது டிரைவருக்கு மட்டுமல்ல, ஏறுகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் அகப்பட வேண்டும். இரவில், புகையில், கலங்கல் நீரில் கண் உதவாது. வாங்கிய உடனே ஒர்க் ஷாப்பிலோ பழைய இரும்புக் கடையிலோ கிடைக்கும் பழைய கதவுக் கண்ணாடி ஒன்றில் அடித்துப் பார்த்துவிடுவது மேல். வேலை செய்யாத மலிவுச் சரக்கும் சந்தையில் இருக்கிறது. அதைப் பள்ளத்தில் கண்டுபிடிப்பதைவிட வீட்டுவாசலில் கண்டுபிடிப்பது நல்லது.

தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி, கனடா நாட்டு மனிடோபா பல்கலைக் கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் பல கார்களைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்திருக்கிறார். விழுந்த கார் உடனே மூழ்குவதில்லை. அரை நிமிஷத்திலிருந்து இரண்டு நிமிஷம் வரை மிதக்கும். அந்த முதல் நிமிஷம்தான் உயிர். பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு அல்லது உடை, குழந்தைகளை முதலில் வெளியே தள்ளு, பிறகு நீ வெளியேறு, இதுதான் வரிசை. போன் செய்து உதவி கேட்பதெல்லாம் வெளியேறிய பிறகு. “கார் முழுக்கத் தண்ணீர் நிறையட்டும், பிறகு கதவு தானே திறக்கும்” என்று காத்திருப்பது தவறு என்பது அவர் முடிவு. அது வேறு வழியே இல்லாதபோது செய்வது. மழைக்காலத்தில் சுரங்கப் பாதையில் தண்ணீர் நின்றால் ஆழம் பார்க்கக் காரை இறக்காமல் திரும்பிவிடுவதுதான் எல்லாவற்றிலும் உத்தமம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தீயானால் வரிசை வேறு. புகை தெரிந்த உடனே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கதவுப் பூட்டைத் திறந்து எல்லோரும் இறங்க வேண்டும். பானெட்டைத் திறந்து பார்க்கும் ஆசை கூடாது. காற்றுப் பட்டால் தீ சீறும். கதவு திறக்காவிட்டால் நொடியும் தாமதியாமல் தீயிலிருந்து தூரத்தில் உள்ள கண்ணாடியை உடைத்து அந்த வழியே வெளியேற வேண்டும்.

இந்தப் பாடத்தை ரெயில்வே பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2012 ஜூலை 30 அதிகாலையில் நெல்லூர் அருகே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு படுக்கைப் பெட்டி எரிந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2013 டிசம்பர் 28 அதிகாலையில், பெங்களூரிலிருந்து சென்ற நாந்தேடு எக்ஸ்பிரஸில் புட்டபர்த்தி அருகே குளிர்சாதனப் பெட்டி ஒன்று எரிந்து 26 பேர் மாண்டனர். இன்று குளிர்சாதனப் பெட்டிகளில் சிவப்பு வண்ணத்தில் அவசர ஜன்னல் என்று எழுதி, உடைக்கச் சிறு சுத்தியலும் மாட்டியிருப்பதைப் பிரயாணிகள் பார்க்கலாம். பெரிய பஸ்களிலும் உடைத்துத் திறக்கும் ஜன்னல் பக்கத்தில் சுத்தியல் வைக்க விதி இருக்கிறது. 2013 அக்டோபர் 30-இல் ஆந்திராவின் மகபூப்நகர் மாவட்டத்தில் பாலம் என்ற இடத்தில் ஆம்னி பஸ் எரிந்து 45 பேர் இறந்தபோது, தப்பிய சிலர் ஜன்னலை உடைத்துத்தான் தப்பினார்கள். இந்தச் சுத்தியல்களைத் திருடிச் செல்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அதை எடுத்துப் போகிறவர், அந்தப் பெட்டியில் நாளை ஏறப்போகும் யாரோ ஒருவருடைய வழியை அடைத்துவிட்டுப் போகிறார்.

ரெயிலுக்கும் பஸ்ஸுக்கும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டதை, ஏழு பேர் ஏறும் வாடகைக் காருக்கு வேண்டாம் என்று ஏன் விட்டுவிட்டோம்? அதுவும் உதவி தாமதமாக வரும் மலையில்? போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 25 கிலோமீட்டர். கீழேயிருந்து தீயணைப்பு வண்டி புறப்பட்டாலும் அதே 17 வளைவுகளை ஏறித்தான் வர வேண்டும். மறுபக்கம் மூணாறிலிருந்தோ நெடுங்கண்டத்திலிருந்தோ வருவதானாலும் மலைச்சாலைதான். பல வளைவுகளில் போன் சிக்னல் கிடைப்பதில்லை. மலையில் முதல் பத்து நிமிஷத்துக்கு காருக்குள் இருப்பவரே மீட்புப் படை. அவர் வெறுங்கையோடு இருக்கக் கூடாது என்பதே நம் வாதம்.

இதனால் எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலை தரிசனம் முடித்துத் திரும்பிய தேனி மாவட்டத்து ஐயப்ப பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட வீழ்ச்சியில் சுத்தியல் என்ன செய்யும் என்று கேட்டால் பதில் இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதற்கும், குடித்துவிட்டு ஓட்டுவதற்கும், அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதற்கும், இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதற்கும் இது மாற்று மருந்து அல்ல. முன் கண்ணாடியில் கட்டிய எலுமிச்சம் பழம்போல இதையும் ஒரு காப்பாக நினைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுபவர், இதை வாங்காமலே இருப்பது மேல். விழாமல் ஓட்டுவது முதல் கடமை. விழுந்த பிறகும் உயிரோடும் நினைவோடும் இருப்பவர் கண்ணாடிக்குப் பின்னால் சாகக் கூடாது என்பதற்காக மட்டுமே இந்தச் சாதனம்.

தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்குப் பக்கக் கண்ணாடியே இல்லை, தார்ப்பாய்தானே என்று சிலர் சொல்லலாம். உண்மை. ஆனால் மழைக்குத் தார்ப்பாயை இறக்கி, வெளியிலிருந்து கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டால் அதுவும் ஒரு பூட்டிய கதவுதான். உள்ளே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். கயிற்றையும் தார்ப்பாயையும் அறுக்கும் ஒரு கத்தி, உள்பக்கம் கை எட்டும் இடத்தில் உறையிட்டுக் கட்டியிருக்க வேண்டும். தார்ப்பாயின் ஒரு பக்கத்தையாவது உள்ளிருந்து அவிழ்க்கும்படி முடிச்சுப் போட வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

செய்ய வேண்டியவர்கள் யார்? முதலில் வாகன உரிமையாளர் சங்கங்களும் டிரைவர் சங்கங்களும். போடி, கம்பம், குமுளி, பூப்பாறை, மூணாறு, பாலக்காடு என்று ஒவ்வோர் ஊர் ஸ்டாண்டிலும் சங்கம் இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் விலை இன்னும் குறையும். ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் செய்யும் மாலைச் செலவில் ஒரு பகுதி போதும். இரண்டாவதாக, இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகள். வாடகை வண்டிகளின் எஃப்.சி. சோதனையில் முதலுதவிப் பெட்டியைப் பார்ப்பதுபோல இதையும் பார்க்கலாம். சபரிமலை சீசனிலும் கோடை விடுமுறையிலும் சோதனைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்தத்தான் செய்கிறார்கள். அப்போது தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தால் எவ்வளவோ பயன். மூன்றாவதாக, டிரைவிங் பள்ளிகள். எட்டுப் போடக் கற்றுக் கொடுப்பவர்கள், கவிழ்ந்த காரிலிருந்து வெளியேறுவதையும் கால்மணி நேரம் சொல்லிக் கொடுக்கலாம். நான்காவதாக, கார்க் கம்பெனிகள். பல லட்ச ரூபாய்க் காரோடு சில நூறு ரூபாய்க் கருவி ஒன்றைக் கதவருகே பொருத்திக் கொடுப்பது அவர்களுக்குப் பாரமாகாது. மத்திய அரசு இதை விதியாகவே கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே வாங்கிவிடலாம். வாடகைக் காரில் ஏறுகிறவர்கள், “கண்ணாடி உடைக்கிற சுத்தியல் எங்கே வைச்சிருக்கீங்க?” என்று டிரைவரை ஒரு வார்த்தை கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் கேட்பதற்குள் அவர் வாங்கி மாட்டிவிடுவார். போடி ஸ்டாண்டில் நாம் பார்த்த அந்த டிரைவரிடமும் சொல்லிவிட்டு வந்தோம். உறையைப் பிரித்து, டிக்கியிலிருந்து எடுத்து, தன் இருக்கைக்கு அருகில் மாட்டுவதற்கு அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.